நடுவில் வைத்த தட்டு

எனக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள், ஏனென்றால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பிடிக்காத ஒன்றை வேளை தவறாமல் செய்கிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். எனக்கும் நீளம்தான், மறுக்கவில்லை.

நான் பிறந்தது ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல்காட்டு ஊர். பருத்தியும் சோளமும் போடுகிற வீடு. எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் ஒரே கூச்சல். அப்பா, அம்மா, அண்ணன்மார், நான், எல்லாரும் அடுப்படியில் வட்டமாக உட்காருவோம். குழம்புச் சட்டி நடுவில் இருக்கும். வேண்டியதைக் கையை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கருவாட்டுத் துண்டுக்காக அண்ணன் கையைக் கிள்ளியிருக்கிறேன். "ஏலே, அவளுக்கும் ஒண்ணு வையிலே" என்று அம்மா கத்துவாள். அப்பா கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார். அதையெல்லாம் பெரிதாக நினைக்க அப்போது எனக்கு என்ன தெரியும்? ஊரெல்லாம் இப்படித்தான் சாப்பிடும் என்று நினைத்திருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டேன். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆபீஸ், டவுனில் லேபிள் அடிக்கிற பிரஸ், இரண்டும் உள்ள குடும்பம். தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மாமனார், மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவியான மூத்தவள், அவர்களுடைய மகன், நாங்கள் இருவர் என்று ஒரே வீட்டில் இருந்தோம். முதலில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். பிறகு பெண்கள், அவரவர் புருசன் சாப்பிட்ட இலையில். அந்த இலையில் சோறு போட்டுச் சாப்பிடுவதுதான் அந்த வீட்டு மருமகளுக்கு அழகு. அதிலும் சேர்ந்து உட்கார முடியாது. மாமியார் சாப்பிடும்போது நாங்கள் பரிமாற வேண்டும், மூத்தவள் சாப்பிடும்போது நான் பரிமாற வேண்டும். நான் உட்காரும்போது அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார்கள். நானே போட்டு, நானே சாப்பிட்டு, நானே எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். மீன் வாங்கிய நாளில் நடுத்துண்டு ஒன்றை இலை ஓரத்தில் எனக்காக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "கொளுந்தனுக்கு ஒம்மேல எம்புட்டுப் பிரியம்னு இலையப் பாத்தாலே தெரியுது" என்று மூத்தவள் கேலி செய்வாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். மீன் துண்டு பேசுமா?

அவர் ஊரில் இருப்பதே பாதி வருசம்தான். பொங்கல் முடிந்ததும் ஆர்டர் பிடிக்க வடக்கே போவார். கல்கத்தா, பம்பாய், நாக்பூர் என்று சுற்றிவிட்டு வெயில் காலத்தில்தான் திரும்புவார். வந்ததும் சீசன் பிடித்துக்கொள்ளும். தீபாவளி வரைக்கும் ஆபீஸே கதி. அவர் இல்லாத மாதங்களில் எனக்கு இலையும் கிடையாது. ஒரு பித்தளை வட்டிலில் போட்டுச் சாப்பிடுவேன். அடுப்படி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். காரை உதிர்ந்த அந்தச் சுவரைப் பார்த்தபடி தின்றுவிட்டு எழுந்திருப்பேன்.

ஒரு வைகாசியில் வீட்டில் எல்லாரும் ஆமத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் அன்றுதான் வடக்கேயிருந்து வந்திருந்தார். நான் பரிமாற, அவர் பயணக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டார். மாமனார் பக்கத்தில் இருந்தால் தலையை நிமிர்த்தாமல் தின்கிற மனுசன், அன்றைக்கு அப்படிப் பேசினார். எனக்கு ஆசை தாங்கவில்லை.

"நானும் ஒங்க கூட உக்காரட்டா?" என்றேன்.

அவர் கையில் சோற்றோடு நிமிர்ந்தார். "இங்கனயா? அம்மா வந்துட்டா?"

"அவுக நாளைக்குத்தான் வருவாக."

"அடுத்த வீட்டுக்காரக பாத்தா என்ன நெனைப்பாக?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அழுதுவிடுவேன் போலிருந்தது. "ஒரே ஒரு நா, எதிருக்கெதிர உக்காந்து, பேசிக்கிட்டே ரெண்டு பேரும் சாப்பிடணும். அம்புட்டுதான் கேக்கேன்" என்றேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தி கேட்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

அவருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "விருதுபட்டியில ஒரு கடை இருக்கு" என்று ஆரம்பித்தார். விருதுநகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "பட்டாளத்துல சமையல் பாத்த ஆளு வச்சிருக்காரு. எகிப்து, இத்தாலின்னு சண்டை நடந்த எடமெல்லாம் போயிட்டு வந்தவரு. அந்த ஊர்கள்ல அம்புட்டுப் பேரும் ஒரே தட்டுல கைய வச்சுத்தான் சாப்பிடுவாகளாம். இவரும் அப்படியே போடுறாரு. இலை கெடையாது. தட்டக் கொண்டாந்து நடுவுல வச்சிருவாரு. ஒத்தையில வார ஆளுக்குத் தனியாப் போடமாட்டாரு. இன்னொரு ஆளோட உக்கார வச்சிருவாரு."

"அங்கன பொம்பளையாளு வருவாகளா?"

"மூலையில ஒரு மறைப்பு இருக்கு. குடும்பத்தோட வாரவுகளுக்கு. தீவாளி முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சீசன் முழுக்க அந்தக் கடைதான் என் நினைப்பு. தனியாக ஒருத்தரையும் சாப்பிட விடாத கடை! அந்தச் சமையல்காரருக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தால் என்னென்ன பேசலாம் என்று மனசுக்குள் பேசிப் பார்ப்பேன். பாத்திரம் விளக்கும்போது உதடு அசைந்துவிடும். "என்னத்தா, தனியாப் பேசுத?" என்று மாமியார் கேட்டார். பாட்டு என்று சொல்லிச் சமாளித்தேன்.

தீபாவளி முடிந்தது. ஆபீஸ் ஓய்ந்தது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போகிறேன் என்று எங்கள் வீட்டில் சொன்னால் வீடு ரெண்டுபட்டுவிடும். அதனால் அவர் ஒரு யோசனை சொன்னார். "பல்லு வலின்னு சொல்லிரு. விருதுபட்டியில நல்ல டாக்டர் இருக்காருன்னு நான் சொல்லுதேன்." சரி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது வினையாகிப் போனது. பல் வலிக்காரிக்கு என்ன கொடுப்பார்கள்? கஞ்சிதான். மாமியார் கிராம்பைக் கடிக்கச் சொன்னார், உப்புத் தண்ணீரைக் கொப்பளிக்கச் சொன்னார். மூத்தவள் அந்த நேரம் பார்த்துச் சீடை போட்டாள். வாசனை வீட்டைத் தூக்கியது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சீடையைப் பார்த்தபடி கஞ்சி குடித்தேன்.

"இங்கன இல்லாத டாக்டரா அங்கன இருக்கான்?" என்று மாமியார் கேட்டார்.

"அவரு வலிக்காமப் புடுங்குவாரும்மா" என்றார் இவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முனகினேன். எங்களுக்கென்று ரகசியம் ஒன்று இருந்தது அதுதான் முதல் தடவை. பசியோடு இருந்தாலும் எனக்கு அன்றைக்குச் சந்தோசம்.

மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறினோம். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். அங்கேயும் தனித்தனிதான். பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று ஆமத்தூர்க் கண்மாயைப் பார்த்துக்கொண்டு போனேன். விருதுநகரில் இறங்கி, பஜாருக்குப் பின்னால் எண்ணெய்ச் செக்குகள் இருக்கிற சந்து வழியாக நடந்தோம். சந்து முழுக்க நல்லெண்ணெய் வாசம். வயிறு அப்போதே கூப்பாடு போட்டது.

சின்னக் கடை. நாலைந்து மேசை போட்டால் நடக்க இடமில்லாத அளவுக்குத்தான் இருந்தது. சுவரெல்லாம் எங்கள் ஊர் பிரஸ்களில் கழித்துப்போட்ட காலண்டர்ப் படங்கள். வண்ணம் விலகி லட்சுமிக்கு இரண்டு மூக்கு தெரிந்தது. கடைக்காரர் நல்ல ஆகிருதி, காக்கி டவுசர், பெரிய மீசை.

"வாங்க அண்ணாச்சி! மதினியக் கூட்டியாந்துட்டீகளா? வாங்க மதினி, வாங்க. ஒங்க வீடு மாதிரி நெனைச்சுக்கோங்க" என்று மூலைத் திரையை விலக்கினார். எங்கள் வீடு மாதிரி இருந்துவிடக் கூடாது என்றுதானே இம்புட்டுத் தூரம் வந்திருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரைக்குள் ஒரு மேசை. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. அவர் எதிரே உட்கார்ந்தார். பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை அப்படி நேராகப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்ததே இல்லை. புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. "இது எப்ப பட்டுச்சு?" என்று கேட்டேன். "சின்ன வயசுல, புஸ்வாணம்" என்றார். கல்யாணமாகி இரண்டு தீபாவளி போன பிறகு எனக்குத் தெரிந்த விசயம் அது.

தட்டுகள் வந்தன. பெரிய பீங்கான் தட்டுகள். ஒன்றில் கொண்டைக்கடலையை அவித்து, எள்ளும் பூண்டும் சேர்த்து வெண்ணெய் மாதிரி மசித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டிருந்தது. ஒன்றில் சுட்ட கத்திரிக்காய், எலுமிச்சை பிழிந்தது. ஒன்றில் கம்பியில் கோர்த்துச் சுட்ட ஆட்டுக்கறி. நாலாவதில் கனமான ரொட்டி, ஆவி பறந்தது. எல்லாவற்றையும் கடைக்காரர் மேசைக்கு நடுவில் வைத்தார். "ரொட்டிதான் இலை, ரொட்டிதான் கரண்டி. பிச்சுத் தொட்டுச் சாப்பிடுங்க. ஆளுக்கொரு பக்கமா வாங்க, நடுவுல சந்திச்சுக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ரொட்டியை எடுக்கக் கை நீட்டினார். நானும் கையை மேசைமேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு குரல்.

"யாரு, நம்ம சிவகாசி அண்ணாச்சி சத்தம் மாதிரி இருக்கு!"

அவர் கை அப்படியே நின்றது. "பேப்பர்க் கடைக்காரக. பிரஸ்ஸுக்கு அவுககிட்டதான் பேப்பர் எடுக்கோம். ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதேன். இந்தா, ஒரு நிமிசம்" என்று எழுந்து போனார்.

வெளியே பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது. "உக்காருங்க அண்ணாச்சி. ஈரல் இப்பதான் வந்துச்சு, கைய வைங்க. இந்தக் கடையில உக்காந்துட்டு கை வைக்காம எந்திரிக்கலாமா?" என்று வம்பு செய்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு வேண்டாம் என்கிற சத்தம் நின்றுவிட்டது. பேப்பர் தட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள், யாரோ ஒருவரின் மகள் கல்யாணம் பற்றிப் பேசினார்கள், ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டே அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. நல்ல சிரிப்பு, வாயில் சோறு இருக்கும்போது வருகிற குழறலான சிரிப்பு. அதைத்தான் நான் எதிரே உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

ரொட்டியில் ஆவி நின்றது. பசி என்றால் அப்படி ஒரு பசி, கஞ்சி குடித்த வயிறு. ஒரு துண்டு கறியை எடுத்து வாயில் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் தொடவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டால் அப்புறம் அது சேர்ந்து சாப்பிட்டதாக ஆகாது. நான் ஆரம்பித்து அவர் முடிப்பதாகவோ, அவர் ஆரம்பித்து நான் முடிப்பதாகவோ இருந்தால் அது எங்கள் வீட்டுச் சாப்பாடுதானே? கையை மடியில் வைத்துக்கொண்டு, கறிமேல் எண்ணெய் உறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் திரைக்கு வெளியே நின்று, "மதினி, ரொட்டி வேணுமா?" என்றார். திரையை லேசாக விலக்கிப் பார்த்தார். "அய்யய்யோ, தொடவே இல்லையே! பிடிக்கலையா?"

"அவுக வரட்டும்" என்றேன்.

அவர் போய், "அண்ணாச்சி, மதினி கைய வைக்காம உக்காந்திருக்காக" என்று சொன்னது கேட்டது. "அட!" என்றார் இவர். உடனே எழுந்து வந்தார். உதட்டில் எண்ணெய் மினுமினுத்தது. சாப்பிட்டு நிறைந்த முகம்.

"ஏ புள்ள, நீ ஏன் சாப்பிடாம இருக்க?"

"நீங்க வராம எப்படி?"

அவர் என்னைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். பிறகு, "ஓ!" என்றார். ஏதோ பிடிபட்ட மாதிரி அவர் முகம் இளகியது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. வயிறு நிறைந்தால் என்ன, கூட இரண்டு வாய் தின்னக் கூடாதா? மடியிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்தார். கடலையில் தொட்டார். வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு நாலு தட்டையும் ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

"இந்தா, நான் கைய வச்சாச்சு. இனி நீ சாப்பிடலாம்" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். "நான் உக்காந்திருந்தா ஒனக்குக் கூச்சமா இருக்கும். வெளியில நிக்கேன். மெதுவாவே சாப்பிடு, பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு." எழுந்து போய், திரையை எனக்காக ஒழுங்காக இழுத்துவிட்டார்.

அழுகை வந்தது. என்ன செய்வது, பசியும் இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். கறி ஆறிப்போயும் நன்றாகத்தான் இருந்தது, கோபம் வர அதைவிட என்ன வேண்டும்? கத்திரிக்காய் எங்கள் ஊரில் சுட்டுப் பிசைவது மாதிரியே இருந்தது. அண்ணன் ஞாபகம் வந்தது. கடைக்காரர் ஒரு தடவை ரொட்டியோடு வந்து, நான் மட்டும் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். ஒத்தை ஆளுக்குத் துணை சேர்த்துவிடுகிற மனுசன், எனக்கு யாரைச் சேர்த்துவிடுவார்? ரொட்டியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கை துடைக்கக் கிழித்து வைத்திருந்த காகிதம், வண்ணம் விலகிய லேபிள். அதில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னத்தைச் சொல்ல? வைகாசியில் சொன்னேனே, இதைவிடத் தெளிவாக. நான் கடையைக் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். கடைக்குக் கூட்டிப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று பஸ்ஸில் பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் மாமியார், "பல்லப் புடுங்கியாச்சா? ஒண்ணும் திங்காத" என்று கஞ்சி கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கடைக்காரர் பிறகு மதுரைப் பக்கம் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். வருசங்கள் ஓடின, பொங்கலுக்குப் பின் வடக்கு, அப்புறம் சீசன் என்று.

அறுபதுகளின் கடைசியில் மூத்தவளின் மகன் கல்யாணமாகி, புதுப் பெண்ணோடு வீட்டுக்கு வந்தான். அந்தப் பெண் மதுரையில் படித்தவள். அவனோடு ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டதை ஏதோ பேச்சில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனாரும் மாமியாரும் காலமாகிவிட்ட பிறகு வீட்டில் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது. ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து நிமிர்ந்து சிரித்தார்.

"என்னமோ நீங்கதான் புதுசு மாதிரி பேசுதீக. நாங்கள்லாம் அந்தக் காலத்துலயே விருதுபட்டிக் கடையில ஒரே தட்டுல கைய வச்சுச் சாப்பிட்டவுக. கேளு ஒங்க சித்திய."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவள், "அடி சண்டாளி, பல்லு வலின்னு போனியே, அன்னைக்கா?" என்று கத்தினாள். ஒரே சிரிப்பு. புதுப் பெண் ஆசையாக, "என்ன சித்தி சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, அனுபவித்துச் சொன்னார். "அந்த ஈரல் இருக்கே! மொளகு தூவி, சுடச்சுட. தட்டு காலியாகுற வரைக்கும் பேச்சும் சிரிப்பும்தான். இன்னும் நாக்குல நிக்குது. இல்லையா?"

ஈரல் எங்கள் மேசைக்கு வரவே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். அந்தச் சிரிப்பையும் அந்தத் தட்டையும் என்னோடு பங்கு போட்டதாகவே இத்தனை வருசம் மனசில் வைத்திருக்கிறார், பாவம். "ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆண்கள் கை கழுவப் போனார்கள். முற்றத்தில் இன்னும் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது, அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. மூத்தவளும், விருந்து என்று அவளோடு உட்கார வைத்த புதுப் பெண்ணும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நான் அவர் இலைக்கு முன்னால் போனேன். ஓரத்தில் மீன் நடுத்துண்டு ஒதுக்கி வைத்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்த மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து போய் வெகு நேரமாகிவிட்டது. மணையில் சூடு இல்லை.